லாம் எங்கே ஆடினார்? ஆங்கிலத்தில் வீரரின் இடத்தை எழுதுவது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆட்டம் 2014 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி. ஜூலை 13 அன்று ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில், கூடுதல் நேரத்தில் அர்ஜென்டினாவை 1-0 என ஜெர்மனி வென்ற ஆட்டம். இதைத் தேர்ந்ததற்குக் காரணம், அன்றைய ஜெர்மனி அணியில் பலர் தம் வழக்கமான இடத்தில் இல்லை. இடம் மாறியவர்களும் உண்டு, உள்ளே வந்தவர்களும் வெளியே போனவர்களும் உண்டு. வீரர் இடம் பற்றிய ஆங்கில இலக்கணம் ஏறக்குறைய முழுவதும் இந்த ஒரே அணிப்பட்டியலுக்குள் அடங்கிவிடுகிறது.

கீழே உள்ள எட்டு வாக்கியங்கள் இந்த ஆய்வுக்காகவே எழுதியவை. அவற்றில் வருபவர்கள் எல்லோரும் அன்றைய ஜெர்மனி வீரர்கள், தலைப்பில் உள்ள லாம் உட்பட. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும் ஒருவர் கையிலிருந்து எளிதாக வரக்கூடியவை. ஒவ்வொன்றிலும் ஒரு பிழையாவது இருக்கிறது.

1. நோயர் வாஸ் இன் தி கோல்.
2. லாம் பிளேய்ட் இன் ரைட்-பேக்.
3. போவாடெங் அண்ட் ஹும்மெல்ஸ் பிளேய்ட் அட் சென்டர்-பேக்ஸ்.
4. ஹோவெடெஸ் வாஸ் அட் டிஃபெண்டர் ஆன் தி லெஃப்ட், பட் ஹி இஸ் பிளேயிங் சென்டர்-பேக் ஃபார் ஹிஸ் கிளப்.
5. ஷ்வைன்ஸ்டைகர் அண்ட் கிராமர் வேர் அட் மிட்ஃபீல்டு.
6. முல்லர் வாஸ் இன் ரைட் விங்.
7. குளோசே பிளேய்ட் இன் ஃபிரண்ட்.
8. இன் தி எய்ட்டி-எய்ட்த் மினிட் குளோசே கேம் ஆஃப் தி பெஞ்ச் அண்ட் கோட்சே என்டர்ட்.

பிழைகளின் ஊற்று

இந்த எட்டையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். நோயர் கோலில் நின்றார், லாம் வலது பின்களத்தில் ஆடினார், கிராமர் நடுக்களத்தில் ஆடினார், முல்லர் வலது ஓரத்தில் ஆடினார். எல்லாவற்றுக்கும் ஒரே ‘இல்’. வீரரின் பணியைச் சொல்ல வேண்டுமானால் ‘ஆக’: தடுப்பாட்டக்காரராக, கோல்கீப்பராக. இந்த இரண்டே உருபுகள் நமக்குப் போதும். ஏழாம் வேற்றுமைக்கு நன்னூல் முன், பின், வலம், இடம், உள், புறம் என்று 28 உருபுகளை அடுக்குகிறது. ஒரு கால்பந்து மைதானத்தையே அதில் வரைந்துவிடலாம். ஆனால் இன்றைய விளையாட்டுப் பக்கம் ‘இல்’ ஒன்றை வைத்தே காலம் தள்ளுகிறது.

ஆங்கிலம் அந்த ஒரு ‘இல்’லை மூன்றாகப் பிரிக்கிறது. இடம் ஒரு புள்ளியானால் அட். பரப்பானால் இன். ஓரமோ பக்கமோ ஆனால் ஆன். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்ததுதான். சிக்கல் அந்த விதியில் இல்லை. ரைட்-பேக் என்பது புள்ளியா பரப்பா என்று எப்படி முடிவு செய்வது என்பதில்தான் இருக்கிறது. மைதானத்தில் அதுவும் ஒரு பரப்புதானே, லாம் ஓடிக்கொண்டேதானே இருந்தார் என்று தோன்றும். இரண்டாம் வாக்கியத்தின் பிழை அங்கேதான் பிறக்கிறது.

முடிவு செய்ய ஒரு சோதனை இருக்கிறது. அந்தச் சொல்லை எழுவாயாக வைத்து, பின்னால் ‘கத்தினார்’ என்று போட்டுப் பாருங்கள். ‘தி ரைட்-பேக் ஷவுட்டட்’ என்றால் சரியாக இருக்கிறது. ரைட்-பேக் என்பது ஆளின் பெயரும்கூட. ‘தி மிட்ஃபீல்டு ஷவுட்டட்’ என்றால் உதைக்கிறது. மிட்ஃபீல்டு நிலத்தின் பெயர். நிலத்தின் பெயரானால் இன்: இன் மிட்ஃபீல்டு, இன் டிஃபென்ஸ், இன் அட்டாக், இன் கோல். ஆளுக்கும் இடத்துக்கும் பொதுவான பெயரானால் அட்: அட் ரைட்-பேக், அட் லெஃப்ட்-பேக், அட் சென்டர்-ஃபார்வர்டு. பயிற்சியாளரின் பலகையில் இந்தப் பெயர்கள் வட்டமிட்ட ஒரு புள்ளியாக நிற்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் அட் தானே வந்துவிடும்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. நான்காம் வாக்கியம் விழுந்த குழி அது. டிஃபெண்டர், மிட்ஃபீல்டர், விங்கர், ஸ்டிரைக்கர், கோல்கீப்பர் என ‘அர்’ என்று முடியும் சொற்கள் செய்பவரை மட்டுமே குறிப்பவை. தமிழில் ‘ஓட்டுநர்’, ‘காப்பாளர்’ போல. அவற்றின் முன் அட் ஒட்டாது. பிரிட்டிஷ் வழக்கில் ‘அட் டிஃபெண்டர்’, ‘அட் விங்கர்’ என்று எழுதுவதில்லை. ‘ஆஸ் எ டிஃபெண்டர்’, ‘ஆஸ் எ விங்கர்’ என்றே வரும். ஒரே ஆளை இரண்டு விதமாகச் சொல்லலாம்: பிளேய்ட் இன் மிட்ஃபீல்டு, அல்லது பிளேய்ட் ஆஸ் எ மிட்ஃபீல்டர். பாதியை இதிலிருந்தும் பாதியை அதிலிருந்தும் எடுத்து ஒட்டும்போதுதான் கோளாறு.

ஐந்தாம் வாக்கியத்தின் ‘அட் மிட்ஃபீல்டு’ வேறொரு வம்பையும் இழுத்து வருகிறது. அமெரிக்கக் கால்பந்தில் மைதானத்தின் நடுக்கோட்டைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஷ்வைன்ஸ்டைகரும் கிராமரும் நடுக்கோட்டில் நின்றுகொண்டிருந்தார்கள் என்ற பொருள் வந்துவிடும்.

ஆர்ட்டிகிள் எங்கே விழும், எங்கே விழாது

அட், இன், ஆன் என்ற பிரிப்பொசிஷனைச் சரியாகப் பிடித்தவர்களும் எ, தி என்ற ஆர்ட்டிகிளில் தடுக்கி விழுகிறார்கள்.

அட் வந்தால் ஆர்ட்டிகிள் இல்லை: அட் ரைட்-பேக். ‘அட் எ ரைட்-பேக்’ என்று எழுதினால் ஏதோ ஒரு ரைட்-பேக் ஆட்டக்காரரைக் குறிவைத்து எதையோ எறிந்ததுபோல ஒலிக்கும். ஆஸ் வந்தால் ‘எ’ வேண்டும்: ஆஸ் எ ரைட்-பேக். ‘ஆஸ் ரைட்-பேக்’ என்பதைப் பிரிட்டிஷ் ஏடுகளிலும் பார்க்கலாம், அது தவறில்லை. அணியில் ஒருவருக்கே உரிய பொறுப்பு என்ற தொனியில் வரும். ‘ஆஸ் கேப்டன்’ என்பதில் ‘எ’ வராததும் அதனால்தான். அன்று லாம் கேப்டனும்கூட. ‘லாம் வாஸ் கேப்டன்’ என்றால் அவரே அணித்தலைவர், ‘லாம் வாஸ் எ கேப்டன்’ என்றால் எங்கோ ஒரு கேப்டன். ஐயம் இருந்தால் ஆஸுக்குப் பின் வரும் இடப்பெயருக்கு ‘எ’ போடுவதே பாதுகாப்பு.

பொசிஷன் என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் கணக்கு மாறும்: இன் தி ரைட்-பேக் பொசிஷன். இங்கே இன், தி இரண்டும் வந்துவிடுகின்றன. இலக்கணப்படி சரி, ஆனால் ஆட்ட வர்ணனையில் நீளம், அலுவலகக் குறிப்புபோல இருக்கும்.

முதல் வாக்கியத்தின் ‘இன் தி கோல்’ நுட்பமான பிழை. ‘இன் கோல்’ என்றால் கோல்கீப்பராக ஆடினார். ‘இன் தி கோல்’ என்றால் கம்பங்களுக்கு நடுவே, வலைக்குள் உடல் இருந்தது. பள்ளிக்குப் படிக்கப் போவதை ‘கோ டு ஸ்கூல்’ என்றும், அந்தக் கட்டடத்துக்கு வேறு வேலையாகப் போவதை ‘கோ டு தி ஸ்கூல்’ என்றும் சொல்வதும் இதே முறைதான். ‘கீப் கோல்’, கிரிக்கெட்டில் ‘கீப் விக்கெட்’ இரண்டிலும் ஆர்ட்டிகிள் இல்லை. 2003 உலகக் கோப்பையில் ராகுல் திராவிட் ‘கெப்ட் விக்கெட்’. ‘கெப்ட் தி விக்கெட்’ என்றால் ஸ்டம்பைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார் என்றுகூடப் படிக்கலாம்.

‘இன் மிட்ஃபீல்டு’ என்பதில் பொதுவாக ‘தி’ வராது. ‘இன் தி ஜெர்மனி மிட்ஃபீல்டு’ என்று எந்த அணியினது எனச் சுட்டினால் வரும். பக்கங்களுக்கோ ‘தி’ கட்டாயம்: ஆன் தி ரைட், ஆன் தி லெஃப்ட் விங். ஆறாம் வாக்கியத்தில் இரண்டு தவறு, ‘இன்’னும் தவறு, ‘தி’ விட்டுப்போனதும் தவறு. ‘முல்லர் வாஸ் ஆன் தி ரைட்’ என்றால் போதும். ஐஸ் ஹாக்கியில் ‘அட் லெஃப்ட் விங்’ என்று எழுதுவார்கள். அங்கே லெஃப்ட் விங் என்பது ஓரத்தின் பெயராக இல்லாமல் ஆளின் இடப்பெயராகவே ஆகிவிட்டது. முன்சொன்ன ‘கத்தினார்’ சோதனையில் அது தேறும்.

ஒருமையா பன்மையா? போவாடெங், ஹும்மெல்ஸ் இருவர். ஆனாலும் ‘அட் சென்டர்-பேக்’ ஒருமைதான், ஏனென்றால் அது புள்ளியின் பெயர். ஆஸ் வந்தால் ஆளைச் சொல்கிறோம், எனவே பன்மை: ஆஸ் சென்டர்-பேக்ஸ். மூன்றாம் வாக்கியம் முன்னதன் தலையையும் பின்னதன் வாலையும் ஒட்டியிருக்கிறது. ரக்பியில் ஃபிளை-ஹாஃப் பன்மையில் ஃபிளை-ஹாவ்ஸ் ஆகும் என்பதையும் கூடவே நினைவில் வைக்கலாம்.

வழக்கமான இடமும் அன்றைய இடமும்

இந்த அணிப்பட்டியலின் சுவையே இதில்தான். ஹோவெடெஸ் அடிப்படையில் சென்டர்-பேக், அதுவும் வலதுகாலர். அந்தத் தொடர் முழுவதும் லெஃப்ட்-பேக்கில் ஆடினார். லாமின் கதை இன்னும் சுற்று. 2006 உலகக் கோப்பையில் அவர் லெஃப்ட்-பேக். 2014-இல் குழு ஆட்டங்களை நடுக்களத்தில் தொடங்கினார். அல்ஜீரியாவுடன் ஆடும்போது ரைட்-பேக்கில் இருந்த முஸ்தாஃபி 70-ஆம் நிமிடத்தில் காயத்தால் வெளியேற, லாம் ரைட்-பேக்குக்கு நகர்ந்தார். பிரான்சுடனான காலிறுதி முதல் தொடக்கத்திலிருந்தே அங்கே ஆடினார்.

ஆங்கிலம் இந்த வேறுபாட்டை வினையின் காலத்தாலேயே காட்டும். வழக்கமான இடத்துக்குச் சாதாரண நிகழ்காலம்: ‘ஹோவெடெஸ் பிளேஸ் அட் சென்டர்-பேக் ஃபார் ஹிஸ் கிளப்’. இன்றைக்கு மட்டும், அல்லது இந்தத் தொடருக்கு மட்டும் என்றால் தொடர் நிகழ்காலம்: ‘ஹி இஸ் பிளேயிங் அட் லெஃப்ட்-பேக்’. நான்காம் வாக்கியத்தில் இது தலைகீழாகக் கிடக்கிறது. ‘ஆடிக்கொண்டிருக்கிறார்’ என்று பல ஆண்டுப் பழக்கத்தையும் நாம் சொல்வதால் ‘இஸ் பிளேயிங்’ கைக்கு வந்துவிடுகிறது. ஆங்கில வாசகரோ, மரக்கானாவில் ஆடும் அதே நேரத்தில் கிளப்புக்கும் எங்கோ ஆடிக்கொண்டிருக்கிறாரா என்று திகைப்பார்.

வழக்கமான இடத்தைப் பெயருக்குப் பக்கத்திலேயே செருகுவதும் நல்ல வழி: ‘ஹோவெடெஸ், எ சென்டர்-பேக் பை டிரேட், பிளேய்ட் அட் லெஃப்ட்-பேக்’. தற்காலிகமாக இட்டு நிரப்பினார் என்றால் ‘ஃபில்டு இன் அட் லெஃப்ட்-பேக்’. ஒவ்வாத இடத்தில் ஆடினார் என்றால் ‘அவுட் ஆஃப் பொசிஷன்’, ஆர்ட்டிகிள் இல்லாமல்.

‘ஸ்டார்ட்’ என்ற வினையில் கவனம் வேண்டும். ‘ஹி ஸ்டார்ட்டட் அட் ரைட்-பேக்’ என்றால் இந்த ஆட்டத்தின் தொடக்க அணியில் அந்த இடத்தில் இருந்தார். ‘ஹி ஸ்டார்ட்டட் ஆஸ் எ ரைட்-பேக்’ என்றால் ஆட்ட வாழ்க்கையையே அப்படித் தொடங்கினார் என்றும் பொருள்படும். ஒரு பிரிப்பொசிஷனில் பத்தாண்டு வித்தியாசம்.

நகர்வுக்கு வரும் சொற்களும் இந்தப் புள்ளி, பரப்பு பாகுபாட்டையே பின்பற்றும். புள்ளிக்குப் போனால் டு: ‘மூவ்டு டு ரைட்-பேக்’. பரப்புக்குள் போனால் இன்டு: ‘மூவ்டு இன்டு மிட்ஃபீல்டு’. இணைப்புக்கோட்டையும் விடக்கூடாது. பிரிட்டிஷ் வழக்கில் ரைட்-பேக்குக்கு நடுவே சிறு கோடு போடுவது அழகுக்காக மட்டும் இல்லை. கோட்டையும் ‘டு’வையும் மறந்து ‘லாம் மூவ்டு ரைட் பேக்’ என்று எழுதினால், லாம் ஒரேயடியாகப் பின்னால் போய்விட்டார் என்றாகும்.

முன்னே நின்றவரும் முன்னிலை பெற்ற அணியும்

ஏழாம் வாக்கியம். குளோசே முன்களத்தில் ஆடினார் என்பதற்கு ‘அப் ஃபிரண்ட்’ என்று வர வேண்டும். ‘இன் ஃபிரண்ட்’ என்றால் கோல் கணக்கில் முன்னிலை. ஜெர்மனி ‘இன் ஃபிரண்ட்’ ஆனது 113-ஆம் நிமிடத்தில், இடப்பக்கத்திலிருந்து ஷூர்லே தந்த பந்தை மரியோ கோட்சே மார்பில் தாங்கி இடக்காலால் வலைக்குள் அடித்தபோதுதான். அப்போது ‘அப் ஃபிரண்ட்’ ஆடிய குளோசே மைதானத்திலேயே இல்லை.

ஆனால் ‘இன் ஃபிரண்ட் ஆஃப்’ வேறு சொல், வேறு வேலை. ‘இன் ஃபிரண்ட் ஆஃப் தி பேக் ஃபோர்’ என்றால் நான்கு தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால். ஷ்வைன்ஸ்டைகர் நின்ற இடத்துக்குப் பொருந்தும். ‘பிஹைண்ட் குளோசே’ என்றால் குளோசேவுக்குப் பின்னால், அதாவது அவருக்கும் நடுக்களத்துக்கும் இடையில். எதிரணியின் கோலை நோக்கி முகம் வைத்தே ஆங்கிலம் முன்பின்னும் வலமிடமும் கணக்கிடுகிறது. தொலைக்காட்சியில் அணி வலமிருந்து இடமாகத் தாக்கினால் அதன் ரைட்-பேக் திரையின் மேற்புறத்தில் தெரிவார். இடைவேளைக்குப் பிறகு கீழே வந்துவிடுவார். எழுதும்போது திரையை நம்பாமல் அணி எந்தப் பக்கம் தாக்குகிறது என்று பார்க்க வேண்டும்.

எட்டாம் வாக்கியம்தான் ஆகப் பெரிய விபத்து. இதில் செய்தியே தலைகீழாகிவிட்டது. ‘கேம் ஆஃப்’ என்றால் வெளியே போனார். ‘கேம் ஆன்’ என்றால் உள்ளே வந்தார். ஆனால் ‘கேம் ஆஃப் தி பெஞ்ச்’ என்றால் பெஞ்சிலிருந்து எழுந்து உள்ளே வந்தார். இரண்டு சொல் கூடியதும் போனவர் வந்தவராகிறார். அன்று 88-ஆம் நிமிடத்தில் குளோசே ‘கேம் ஆஃப்’, கோட்சே ‘கேம் ஆஃப் தி பெஞ்ச்’. குழப்பமே வேண்டாம் என்றால் ‘கோட்சே கேம் ஆன் ஃபார் குளோசே’ அல்லது ‘கோட்சே ரிப்ளேஸ்டு குளோசே’. ‘சப்ஸ்டிட்யூட்’ என்ற வினையைத் தள்ளி வைப்பது நல்லது. ‘குளோசே வாஸ் சப்ஸ்டிட்யூட்டட்’ என்றால் குளோசே வெளியே. ‘கோட்சே வாஸ் சப்ஸ்டிட்யூட்டட் ஃபார் குளோசே’ என்றால் கோட்சே உள்ளே. ஒரே செயப்பாட்டு வினை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கிறது. ‘என்டர்ட்’ இலக்கணத் தவறில்லை, ஆனால் நாடக மேடைக்கு வருபவரைச் சொல்வதுபோல ஒலிக்கும்.

ஆட்டம் தொடங்கும் முன்பே ஆள் மாறினால் இந்தச் சொற்கள் எதுவும் வேலைக்காகாது. முன்பயிற்சியில் கெதிரா காயமடைந்ததால் கிராமர் தொடக்க அணிக்கு வந்தார். அது ‘கேம் ஆன்’ இல்லை, ‘ஸ்டார்ட்டட் இன் பிளேஸ் ஆஃப் கெதிரா’. அந்தக் கிராமரே தலையில் அடிபட்டு முதல் பாதியிலேயே வெளியேற ஷூர்லே வந்தார். அதுதான் ‘கேம் ஆன் ஃபார்’.

கிரிக்கெட்டுக்கு இந்த விதி பொருந்துமா

பெரும்பாலும் பொருந்துகிறது. களத்தடுப்பில் புள்ளியும் பரப்பும் ஜோடி ஜோடியாகவே இருக்கின்றன. ‘அட் ஸ்லிப்’, ‘அட் ஃபர்ஸ்ட் ஸ்லிப்’ என்றால் ஓர் ஆளின் இடம். ‘இன் தி ஸ்லிப்ஸ்’ என்றால் அந்த வரிசை முழுவதும். ‘அட் கவர்’ ஒரு புள்ளி, ‘இன் தி கவர்ஸ்’ ஒரு பரப்பு. எல்லைக்கோடு கோடு என்பதால் ‘ஆன் தி பவுண்டரி’. ஏக்நாத் சோல்கர் 27 டெஸ்டுகளில் பிடித்த 53 கேட்சுகளில் பெரும் புகழ் ‘அட் ஷார்ட் லெக்’ நின்று பிடித்தவற்றுக்குத்தான். ‘அட் மிட்-ஆன்’, ‘அட் லாங்-ஆன்’ ஆகியவற்றில் அட், ஆன் இரண்டும் வருவதைக் கண்டு பதற வேண்டாம். ஆன் அங்கே பெயரின் பகுதி. கபடியின் லெஃப்ட் இன், ரைட் இன்னும் அப்படியே, ‘அட் லெஃப்ட் இன்’ என்று எழுதலாம்.

‘ஆன் தி ஆஃப் சைடு’ கிரிக்கெட். கால்பந்தின் ஆஃப்சைடு வேறு. அங்கே ‘ஹி வாஸ் ஆஃப்சைடு’ அல்லது ‘இன் அன் ஆஃப்சைடு பொசிஷன்’. ‘இன் ஆஃப்சைடு’ கிடையாது.

மட்டையாட்ட வரிசைக்கு அட்தான், ஆர்ட்டிகிள் இல்லாமல். 2001 மார்ச், கொல்கத்தா டெஸ்ட். முதல் இன்னிங்சில் வி.வி.எஸ். லட்சுமண் ‘பேட்டட் அட் நம்பர் சிக்ஸ்’, எடுத்தது 59. திராவிட் ‘அட் நம்பர் த்ரீ’, 25. ஃபாலோ-ஆனில் இருவரும் இடம் மாறினார்கள். லட்சுமண் ‘வாஸ் புரொமோட்டட் டு த்ரீ’, 281. திராவிட் ‘டிராப்டு டவுன் டு சிக்ஸ்’, 180. இருவரும் சேர்ந்து 376. நகர்வுக்கு இங்கேயும் டு. நம் தெருவில் ‘ஒன் டவுன்’ என்று சொல்வதும் நல்ல ஆங்கிலமே. அதற்கு மட்டும் அட் வேண்டாம், ‘வென்ட் இன் ஒன் டவுன்’. தொடக்க ஆட்டக்காரருக்கு ‘ஓப்பன்டு தி பேட்டிங்’ அல்லது ‘ஆஸ் அன் ஓப்பனர்’. ‘அட் ஓப்பனர்’ வராது, ‘அர்’ என்று முடிகிறதே.

2021 செப்டம்பரில், கிரிக்கெட் சட்டங்களை வகுக்கும் எம்.சி.சி. அவற்றில் பேட்ஸ்மேன் என்பதை பேட்டர் என்று மாற்றியது. பவுலர், ஃபீல்டர் என்ற சொற்களோடு அது ஒத்துப்போகிறது. எனவே இப்போது எழுதுபவர் ‘நம்பர் த்ரீ பேட்டர்’ என்றே எழுதலாம்.

அமெரிக்க ஆட்டங்கள் பக்கம் போனால் பிரிப்பொசிஷனே உதிர்ந்துவிடும்: ‘பிளேஸ் குவார்ட்டர்பேக்’, ‘பிளேஸ் பாயிண்ட் கார்டு’, ‘பிளேஸ் ஷார்ட்ஸ்டாப்’. பிரிட்டனிலும் பேச்சில் ‘பிளேஸ் ரைட்-பேக்’ உண்டு. பேஸ்பாலில் ‘அட் ஃபர்ஸ்ட் பேஸ்’ நிற்பவர் தடுப்பவர். ‘ஆன் ஃபர்ஸ்ட் பேஸ்’ நிற்பவர் ஓடுபவர், பேஸ் எனப்படும் பையின்மேல் கால் வைத்திருப்பவர். அட்டுக்கும் ஆனுக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறு ஆட்டத்தில் இல்லை.

திருத்திய பத்தி

நோயர் வாஸ் இன் கோல். லாம், தி கேப்டன், பிளேய்ட் அட் ரைட்-பேக், வித் போவாடெங் அண்ட் ஹும்மெல்ஸ் அட் சென்டர்-பேக். ஹோவெடெஸ், ஹூ பிளேஸ் அட் சென்டர்-பேக் ஃபார் ஹிஸ் கிளப், வாஸ் அட் லெஃப்ட்-பேக். ஷ்வைன்ஸ்டைகர் அண்ட் கிராமர் ஸ்டார்ட்டட் இன் மிட்ஃபீல்டு, வித் முல்லர் ஆன் தி ரைட் அண்ட் குளோசே அப் ஃபிரண்ட். இன் தி எய்ட்டி-எய்ட்த் மினிட் கோட்சே கேம் ஆன் ஃபார் குளோசே.

எட்டு வாக்கியம் ஐந்தாகிவிட்டது. ‘வித்’ போட்டு அடுத்தவரைக் கோத்தால் ‘பிளேய்ட்’ என்ற வினையை ஆளுக்கு ஒரு தடவை எழுத வேண்டியதில்லை. ஹோவெடெஸ் பற்றிய ‘பிளேஸ்’ ஆட்டம் நடந்த அந்த வாரத்தில் எழுதினால் மட்டுமே சரி. இன்று எழுதுபவர் ‘யூஷுவலி பிளேய்ட்’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.